கேட்ச் கேனுக்குள் வைத்த நூல்

1. நீலப் புகை

அந்த வண்டி எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றபோது, எதிர்ப் பக்க டீக்கடைக்காரர் கொசு மருந்து அடிக்கிற வண்டி என்று நினைத்து வடைத் தட்டை மூடினார். அவ்வளவு புகை. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வந்தால் தண்ணீர் இறங்குகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. இது நீலம்.

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் எனக்குச் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. முப்பது வருடமாக இதே வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கோயிலுக்கு ஆள் ஏற்றுகிற வேன், ஷேர் ஆட்டோ, காய்கறி ஏற்றுகிற குட்டியானை, இவைதான் எங்களிடம் வரும். புது ஆள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு எழாது. அதனால் என் மனைவி கௌரி ஷெட் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வண்டிக்காரர் அவளிடம் சொல்வார். அவள் என்னிடம் வந்து சொல்வாள். நான் அவளுக்குப் பதில் சொல்வேன். அவள் போய் வண்டிக்காரருக்குச் சொல்வாள். போனையும் அவள்தான் எடுப்பாள். ஷெட்டே அவளுடையது என்று நினைத்தவர்கள் உண்டு. நான் மறுத்ததில்லை.

கௌரி நகரிப் பக்கத்துப் பெண், என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான் என்று சொல்லாமல் தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிட்டாள், இன்றைக்கும் அப்படித்தான்.

புகை வண்டியிலிருந்து இறங்கியவர் நித்யா டாக்டர். பஜார் பக்கத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் பிரபு, சரக்குக் கப்பலில் என்ஜினியர். ஆறு மாதம் கடலில் இருப்பார், பிறகு லீவில் வருவார். இந்த இரண்டு கதவு வெளிநாட்டு வண்டியைப் பழசாக வாங்கி, ஒவ்வொரு லீவிலும் இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றியிருக்கிறார்கள். போன லீவில் அவர் அதில் சூப்பர்சார்ஜர் மாட்டினார். அது பெல்ட்டில் சுற்றுகிற ஒரு காற்று பம்ப். கொல்லன் துருத்தி நெருப்பை ஊதுகிற மாதிரி, என்ஜினுக்குள் காற்றை அடைத்து ஊதும். மிதித்தால் வண்டி பறக்கும்.

"இன்னா டாக்டரம்மா, அடுப்ப பத்த வெச்சிகினு வர்றீங்க?" என்றாள் கௌரி.

"சிரிக்காதீங்க அக்கா. சனிக்கிழமை அவரு வராரு."

"நல்ல சேதிதானே? அதுக்கேன் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு நிக்கறீங்க?"

"போன லீவு இருபது நாளு அக்கா. அதுல பதினேழு நாளு இந்த வண்டிக்கு அடியிலதான் படுத்திருந்தாரு. நான் அவரு கால மட்டுந்தான் பாத்தேன். சாப்பாட்டக்கூட காலுகிட்ட வெச்சிட்டு வந்தேன். இந்தப் புகைய பாத்தாருன்னா இந்த லீவும் போச்சு."

"வண்டிய வித்துடுங்களேன்."

"ஐயோ, எனக்கும் இது உசுரு. விக்கறதா? இந்த தடவ அவரு வண்டிக்கு அடியில இருக்கக் கூடாது, உள்ள இருக்கணும். என் பக்கத்துல. அவ்ளோதான். அவரு வந்து பானெட்ட தெறக்கறதுக்கு ஒரு காரணமும் இருக்கக் கூடாது."

அப்போது நானும் ஒரு வேனுக்கு அடியில்தான் படுத்திருந்தேன். என் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கௌரி செருப்புக் காலால் என் பாதத்தை லேசாகத் தட்டினாள். வழக்கமாகச் சேதியைச் சொல்லி முடித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். எல்லாம் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

2. ரிங் போகவில்லை

நீலப் புகை என்றதும் நம் ஆட்கள் உடனே "ரிங்கு போச்சு, என்ஜின இறக்கணும்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் நாலு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். நான் வைத்தேன். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிஸ்டனைச் சுற்றி அழுத்தத்தை அடைக்கிற ரிங் நன்றாக இருக்கிறது.

அடுத்து, சூப்பர்சார்ஜருக்குக் காற்று போகிற பைப்பைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். விரல் முழுக்க ஆயில்.

என்ஜினும் மூச்சு விடும். உள்ளே வெடிக்கிற சூட்டுக் காற்றில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்போம். அது கீழே இருக்கிற ஆயிலைப் பனி மாதிரி கிளப்பிக்கொண்டு, என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரில் இருக்கிற பிரீதர் ஹோஸ் என்கிற மூச்சுக் குழாய் வழியாக வெளியே வரும். அந்த ஹோஸைத் திரும்பவும் காற்று போகிற பைப்பிலேயே சொருகியிருப்பார்கள், உள்ளேயே எரியட்டும் என்று. சாதாரண வண்டியில் அது கொஞ்சம்தான், தெரியாது. சூப்பர்சார்ஜர் ஊதுகிற என்ஜினில் அழுத்தம் அதிகம். ஆயில் பனியும் அதிகம். எல்லாவற்றையும் சூப்பர்சார்ஜர் உறிஞ்சி என்ஜினுக்கே கொடுக்கிறது. அதுதான் புகை.

இதற்கு மருந்து, அந்த ஹோஸ் நடுவில் ஆயில் கேட்ச் கேன் மாட்டுவது. காற்று கேனுக்குள் நுழையும், உள்ளே இருக்கிற தகட்டிலும் வலையிலும் மோதும், ஆயில் சொட்டிக் கீழே தங்கும். ஆயில் இல்லாத காற்று மேலே ஓட்டை வழியாகப் போகும். கீழே தங்கியதை அவ்வப்போது திறந்து கொட்டிவிடலாம்.

நான் கௌரியிடம் சொன்னேன். கௌரி போய்ச் சொன்னாள். டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேனா? அவரு கப்பல் ஏறதுக்கு முன்னாடி ஆர்டர் பண்ணிட்டுப் போனாரு. பெட்டி வந்து அலமாரி மேல கெடக்கு. பிரிக்கக்கூட இல்ல."

3. நான் காட்டிய கெட்டிக்காரத்தனம்

பெட்டிக்குள் கறுப்பு அலுமினியக் கேன் இருந்தது. சொம்பு அளவு. மேலே இரண்டு ஓட்டை, கீழே வடிக்க ஒரு திருகு. கூடவே மடித்து வைத்த இங்கிலீஷ் காகிதம். படத்தைப் பார்த்தேன், எழுத்து எனக்குத் தெரியாது. டாக்டரம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சம். காகிதத்தை மடித்துப் பெட்டியிலேயே போட்டேன்.

மாட்டுவதில் குறை வைக்கவில்லை. என்ஜின் ஆடும், அதனால் கேனை என்ஜினில் பிடிக்காமல் பாடியில் பிடித்தேன். சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து, பட்டைக் கம்பியை வளைத்துப் பிராக்கெட் செய்தேன். ஹோஸுக்கு ஆயில் தாங்குகிற கெட்டி ரகமாகப் போட்டேன். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் போட்டால் உறிஞ்சுகிற வேகத்தில் சப்பையாகிவிடும். டேப்பட் கவரிலிருந்து வருகிற ஹோஸ் கேனின் உள் வாய்க்கு, வெளி வாயிலிருந்து சூப்பர்சார்ஜர் பைப்புக்கு. மடிப்பு இல்லாமல், கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.

தப்பு கேனுக்குள் நடந்தது. உள்ளே வைக்கச் சுருட்டிய எஃகுக் கம்பி வலை ஒன்று கொடுத்திருந்தார்கள், பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி. கையில் எடுத்ததும் முடி முடியாகக் கம்பி உதிர்ந்தது. சூப்பர்சார்ஜருக்குள் இரண்டு உருளை ஒன்றை ஒன்று உரசாமல் முடி இடைவெளியில் சுற்றும். அதில் ஒரு கம்பித் துண்டு போனால் என்ன ஆகும்? பயம் நியாயமான பயம்தான். அதற்கு நான் கண்ட வழிதான் தப்பு.

எங்கள் ஊர் ஷெட்களில் பொதட்டூர்பேட்டை தறி வேஸ்ட் இல்லாமல் வேலை நடக்காது. லுங்கித் தறியில் மிஞ்சுகிற நூல் கழிவு, மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் வரும். கை துடைக்க அதுதான். ஒழுகுகிற இடத்தில் அடைக்க அதுதான். கீழே கொட்டிய ஆயிலை ஒற்றி எடுக்க அதுதான். ஆயிலைக் குடிப்பதில் அதற்கு மிஞ்சியது இல்லை. நான் கம்பி வலையைப் பெஞ்சு மேல் போட்டுவிட்டு, பச்சையும் நீலமுமாக ஒரு பிடி நூலை உருட்டிக் கேனுக்குள் வைத்து மூடியைத் திருகினேன். வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒரு நினைப்பு வேறு.

ஸ்டார்ட் செய்து மலையடி வரை ஓட்டிப் பார்த்தோம். பைப்பில் தேங்கியிருந்த பழைய ஆயிலை ஏற்கெனவே துடைத்திருந்தேன். புகை துளி இல்லை. டீக்கடைக்காரர் வடைத் தட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் தொடவே மாட்டேன். நேரா ஏர்போர்ட்டுக்குத்தான் எடுப்பேன்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். அது வியாழக்கிழமை.

4. கம்ப்ரஸர் வாய்

சனிக்கிழமை காலையில் பெஞ்சைச் சுத்தம் செய்யலாம் என்று ஏர் கம்ப்ரஸரைப் போட்டேன். மூலையில் கிடந்த வேஸ்ட் மூட்டை அவிழ்ந்திருந்தது. நூல் இழைகள் தரையில் மெதுவாக நகர்ந்தன. காற்று அடித்து நகர்கின்றன என்று முதலில் நினைத்தேன். இல்லை, கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சுகிற வாய்ப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. வாயை மூடியிருந்த வலையில் ஏழெட்டு இழைகள் ஒட்டி, வால் மாதிரி ஆடின. அந்த வலை இல்லையென்றால் உள்ளே போயிருக்கும்.

கேனின் வெளி வாயில் வலை இல்லை.

கம்ப்ரஸரை நிறுத்தினேன். அந்த என்ஜின் இதைவிட வேகமாக உறிஞ்சும். இழை இழையாகச் சூப்பர்சார்ஜருக்குள் போகும். போகாவிட்டாலும் ஆபத்துதான். ஆயில் குடித்த நூல் கனத்து, களி மாதிரி கட்டியாகி வழியை அடைக்கும். மூச்சு போக வழியில்லாத என்ஜின், ஆயில் கசியாமல் அடைக்கிற சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒழுகும். புகைக்கு மருந்து கொடுக்கப் போய், என்ஜினை இறக்குகிற நோயைக் கொடுத்திருக்கிறேன். இருபது நாள் லீவு மொத்தமும் அதற்குப் போதாது.

கௌரியிடம் சொன்னேன்.

"மணி எட்டு ஆவப்போது. டாக்டரம்மா கெளம்பி இருக்குமே பாவா!"

"போன் போட்டு நிக்கச் சொல்லு. ஒரு செக்கப் பாக்கி இருக்குன்னு சொல்லு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செக்கப்பா இது?"

"வேற இன்னா சொல்றது?"

"நடந்தத சொல்றது."

"சரி, நீயே சொல்லேன்."

"இருபத்திரண்டு வருசமா உனக்கு நான்தான் பேசறேன். பேசறேன், வேணான்னா சொல்றேன்? ஆனா இது உன் கை பண்ணது. உன் வாய்தான் சொல்லணும். நான் சொன்னா அது சமாளிப்பா ஆயிடும் பாவா."

நம்பரைப் போட்டு, மணி அடிக்கிற போனை என் கையில் வைத்துவிட்டாள்.

"சொல்லுங்க அக்கா," என்றது டாக்டரம்மாவின் குரல். "அக்கா? கேக்கலையா?"

"நாந்தான்மா," என்றேன். "மெக்கானிக்கு."

"அண்ணா! நீங்களா பேசறீங்க? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?" குரல் பதறிவிட்டது. நான் போனில் பேசினால் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அவ நல்லா இருக்கா. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அந்தக் கேனுக்குள்ள நூல் வெச்சிட்டேன். வெக்கக் கூடாது. வண்டிய இனிமே ஓட்டாதீங்கம்மா. எங்க இருக்கீங்க?"

லாரி போகிற ஓசை மட்டும் கேட்டது.

"கனகம்மாசத்திரம். பூ வாங்க நிறுத்தினேன்," என்றார். "பத்தரைக்கு பிளைட்டு இறங்குது அண்ணா."

"அங்கியே இருங்க. நான் வரேன்."

பெஞ்சு மேல் கிடந்த கம்பி வலையை பெட்ரோலில் நாலு முறை அலசி, கம்ப்ரஸரில் ஊதி ஊதி, உதிர்வதையெல்லாம் உதிர்த்தேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. "வெளி வாயில மெல்லிசா ஒரு வலை இருந்தா உதிர்ந்தாலும் உள்ள போவாது," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கௌரி உள்ளே போய், டீ வடிகட்டியைத் தட்டிவிட்டுக் கழுவி எடுத்து வந்தாள். எவர்சில்வர் வலை, நல்ல நெருக்கம்.

"இது ஆவுமா பாவா?"

தகரம் வெட்டுகிற கத்தரியால் வட்டமாக வெட்டினேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்த வடிகட்டி.

5. பூக்கடை ஓரம்

பைக்கில் போனோம். கௌரி பின்னால் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனகம்மாசத்திரத்தில் பூக்கடை ஓரமாக வண்டி நின்றிருந்தது. டாக்டரம்மா பட்டுப்புடவையில், மடி நிறைய மல்லிகையோடு கல் மேல் உட்கார்ந்திருந்தார். பூக்காரம்மா அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புது வண்டின்னா அப்படித்தாம்மா மொரண்டு பண்ணும். முன்னாடி ரெண்டு மொழம் கட்டு, ஓடும்."

"பூ கட்டினா ஓடும்னா நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள் கௌரி.

என்ஜின் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் நின்றேன். அந்த ஐந்து நிமிடம் பெரிய நேரம். பிறகு கிளாம்பைத் தளர்த்தி மூடியைத் திறந்தேன். நூல் ஆயில் குடித்துக் கறுத்திருந்தது. ஒரே ஒரு பச்சை இழை மட்டும் நனையாமல், வெளி வாய்க்குள் விரல் நீளம் நுழைந்திருந்தது. மறு முனை இன்னும் உருண்டையில் பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தேன். அறுபடாமல் முழுசாக வந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். காட்டாமல் பையில் போட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் அதைப் பார்த்தார். வண்டிக்குள் கிடந்த கேன் பெட்டியிலிருந்து அந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"துணி, பஞ்சு, நூல் எதையும் உள்ள வெக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு அண்ணா."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதும்மா. உங்கள கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

இதையும் நானேதான் சொன்னேன்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் காகிதத்தை மடித்தார். "எங்கிட்ட வர பேஷண்டெல்லாம் எந்தப் பல்லு வலிக்குதுன்னு சொல்லவே கூச்சப்படுவாங்க," என்றார். "நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கணும். உங்ககிட்ட நான் கேட்டிருக்கணும். இருங்க, மீதியும் சொல்றேன்." பிறகு சிரித்தார். "நான் படிக்கறேன், நீங்க மாட்டுங்க."

அவர் காகிதத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். நான் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். வடிகட்டி வலையை வெளி வாய்க்குக் கீழே, தகட்டின் திருகுகளுக்குள் கொடுத்து இறுக்கினேன். அலசிய கம்பி வலையை அதற்குக் கீழே வைத்தேன். பைப்பைக் கழற்றிச் சூப்பர்சார்ஜர் வாய் வரை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓர் இழைகூட இல்லை.

நடுவில் டாக்டரம்மாவின் போன் அடித்தது. விமானம் சீக்கிரமே இறங்கிவிட்டதாம்.

"வந்துகினே இருக்கேன்," என்றார். டாக்டரம்மா வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது அப்போதுதான். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. பூ கட்டற அம்மா லேட் பண்ணிட்டாங்க."

பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என் மேலயா போடற பழிய?" என்றவர், இன்னும் ஒரு முழம் வெட்டி, கேட்காமலே டாக்டரம்மா தலையில் வைத்தார்.

வண்டி கிளம்பியது. சூப்பர்சார்ஜர் உய்ங் என்று பாடிக்கொண்டு போன சத்தம் வெகு தூரம் கேட்டது. பின்னால் புகை இல்லை. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நான் ரோட்டிலேயே நின்றேன்.

6. திறக்காத பானெட்

ஒன்பது நாள் கழித்து இரண்டு பேரும் கோயிலுக்கு வந்தார்கள். வண்டியை எங்கள் ஷெட் வாசலில் நிறுத்தினார்கள். மலை மேலே வண்டி போகும், ஆனால் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறியே போவதாக டாக்டரம்மா வேண்டிக்கொண்டாராம்.

பிரபு சார் உயரமான ஆள். இறங்கியதும் முன்பக்கம் குனிந்து, கிரில் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "பிராக்கெட் நல்லா இருக்கே. யாரு செஞ்சது?"

கௌரி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

"உள்ள என்ன மெஷ் போட்டிருக்கீங்க?"

"டீ வடிகட்டி சார். முதல்ல நூல் வெச்சேன். அது தப்பு. அப்புறம் மாத்தினேன்."

"நூலா!" அவர் கண் விரிந்தது. கப்பல் என்ஜின் பார்க்கிறவருக்கு ஒரு வார்த்தை போதும். கை தானாகப் பானெட்டுக்குப் போனது. "ஒரே ஒரு நிமிஷம். தெறந்து பாத்துட்டு மூடிடறேன்."

டாக்டரம்மா தன் அர்ச்சனைத் தட்டைப் பானெட் மேல் வைத்தார். தேங்காய், பழம், பூ. "இருபதுல ஒன்பது போச்சு," என்றார்.

பிரபு சார் என்னைப் பார்த்தார். மெக்கானிக்காவது தன் பக்கம் பேசுவான் என்று நினைத்திருப்பார். "அஞ்சு நிமிஷ வேலைதானே, இல்லையா?"

"வேணாம் சார்," என்றேன். "தொட்டா மீதி பதினோரு நாளும் தொட்டுகினுதான் இருப்பீங்க. நான் பாத்துட்டேன். நல்லா இருக்கு."

என் வாழ்நாளில் முதல் தடவை பார்க்கிற ஒருவரிடம் நான் அதிகம் பேசியது அதுதான். அவர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள். தட்டு அவர் ஒரு கையில், இன்னொரு கை டாக்டரம்மாவின் கையில்.

இந்தக் குறிப்பை வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல கௌரியின் தங்கை மகள் எழுதிக் கொடுத்தாள். உறிஞ்சுகிற எதற்குள்ளும் நூல், துணி வைக்காதீர்கள். வலை உதிர்ந்தால் அலசுங்கள், வெளி வாயை மெல்லிய வலையால் மூடுங்கள். மாதம் ஒரு முறை கேனைத் திறந்து வடியுங்கள், மழை நாளில் ஈரமும் சேரும், இன்னும் சீக்கிரம். காகிதம் புரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள். ஐந்து நிமிடக் கூச்சம்தான். தப்பு செய்தால் அதைச் சொல்ல இன்னொருவரை அனுப்பாதீர்கள்.

அவர்கள் மலை ஏறிய அன்றைக்கு அந்த வண்டி மூன்று மணி நேரம் என் ஷெட் வாசலில் நின்றது. எனக்கும் கை ஊறியது. கேனில் எவ்வளவு ஆயில் தங்கியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் என்ன? எழுந்து இரண்டு அடி வைத்தேன். கௌரி புது வடிகட்டியில் டீ வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"ஒக்காரு பாவா. டீ ஆறிடும்."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.